கடைசி வரிக்காரி

அடியே,

இன்றைக்குக் காலையில் நம்முடைய சிவப்பு பக்கெட் விரிசல் விட்டுவிட்டது. குழாயடியில் வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். பாதி நிறைந்திருக்கும், அடியிலிருந்து தண்ணீர் பீய்ச்சி என் புடவை முழுக்க நனைந்தது. அதன் வயிற்றில் வெள்ளை எழுத்தில் 'மகளிர் தின விழா, ஆறுதல் பரிசு' என்று போட்டிருந்ததே, தேய்ந்து தேய்ந்து 'ஆறுதல்' மட்டும்தான் பாக்கி இருந்தது. இப்போது அதன் நடுவில் அடிவரைக்கும் கோடு விழுந்திருக்கிறது. "தூக்கிப் போடும்மா, வேற வாங்கலாம்" என்றாள் ஜெனி. நான் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டு காலேஜுக்குக் கிளம்பிவிட்டாள். எட்டு மணி பஸ்ஸுக்குத்தான்.

இதைப் படித்தால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "பக்கெட்டு ஒடஞ்சதுக்கெல்லாம் லெட்டர் எழுதுறவ நீ ஒருத்திதான்டி" என்பாய். சொல்லிவிட்டு, மூன்று வீடு தள்ளிக் கேட்கிற மாதிரி சிரிப்பாய். சிரித்துக்கொள். நீ போனதிலிருந்து என் பேச்சை முழுசாகக் கேட்க ஆள் கிடையாது. நீயும் ஒரு நாள்கூட முழுசாகக் கேட்டதில்லை, பாதியில் புகுந்து பேசுவாய். இன்றைக்காவது குறுக்கே பேசாமல் இரு.

சுனாமிக்கு மறுவருஷம் நாங்கள் உன் குப்பத்துக்குக் குடிவந்தோம். கிள்ளைப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் புதுசாக பைபர் படகுகள் வந்திருந்தன, இன்ஜினைப் பிரித்து மாட்ட ஆள் இல்லை. கடலூர் ஓல்டு டவுனில் டீசல் மெக்கானிக்காக இருந்த என் வீட்டுக்காரர், இங்கே வேலை ஜாஸ்தி கிடைக்கும் என்று சாமான் சட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். எனக்குப் பிறந்த ஊர் மேல்பட்டாம்பாக்கம். கரும்பைத் தவிர வேறு எதுவும் பார்க்காதவள் நான். வந்த மறுநாளே நீ மீன் கூடையோடு வாசலில் நின்றாய்.

"நீதான் மெக்கானிக்கு பொண்டாட்டியா? கரும்பு கடிச்ச பல்லாமே. மீன் முள்ளு எடுக்கத் தெரியுமா?"

நான் சும்மா இருப்பேனா? "முள்ளு எடுக்கத் தெரியாதவகிட்ட மீன் விக்க வந்தா நஷ்டம் உனக்குத்தான்" என்றேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே குந்திவிட்டாய். பேச்சுவாக்கில் நமக்கு ஒரே வயசு என்று தெரிந்துபோனது. அதற்குப் பிறகு அக்கா, தங்கச்சி என்கிற மரியாதையெல்லாம் நமக்குள் இல்லவே இல்லை.

அந்த வாரமே என்னை மகளிர் குழுவுக்கு இழுத்துப் போனாய். சாயந்திரம், மீன் விற்றுவிட்டு வந்தவர்கள் எல்லாரும் கை கால் கழுவிக்கொண்டு சமுதாயக் கூடத்தில் வட்டமாகக் குந்தியிருந்தார்கள். எல்லா ஊர்க் குழுக்களும் பாட்டோடுதான் கூட்டத்தைத் தொடங்கும், யாரோ அச்சடித்துக் கொடுத்த பாட்டு. உங்கள் குழுவில் மட்டும் சொந்தப் பாட்டு இருந்தது.

ஒத்தக் கையி இழுத்தா வல நகராது – ஏலோ
ஊருக் கையி சேந்தா கரைக்கு வந்து சேரும் – ஏலோ

இதை நீ பாடுவாய், எல்லாரும் திருப்பிப் பாடுவார்கள். அப்புறம் ஆளுக்கு ஒரு வரி. அவரவர் வரியில் அவரவருக்கு வேண்டியதைக் கேட்டுக்கொள்ளலாம். ஒருத்தி கேட்டு முடித்ததும் மறுபடியும் எல்லாருமாக 'ஒத்தக் கையி'. ஐஸ் வண்டி வெள்ளென வர வேண்டும் என்று ஒருத்தி கேட்பாள். தெருக் குழாயில் சண்டையில்லாமல் தண்ணீர் வர வேண்டும் என்று இன்னொருத்தி. புருஷன் சாராயத்தை விட வேண்டும் என்று ஒருத்தி வெளிப்படையாகவே பாடினாள், எல்லாரும் அதற்கு மட்டும் இரண்டு மடங்கு சத்தமாக 'ஏலோ' போட்டார்கள்.

இந்தப் பாட்டு எப்படி வந்தது என்று நீதான் சொன்னாய். அலை அடித்து ஓய்ந்த அந்த மாசங்களில் யாரும் கடல் பக்கமே திரும்பவில்லையாம். பெண்கள் எல்லாரும் முகாமில் ஒரு இடமாகக் குந்தியிருப்பார்களாம், ஒரு வார்த்தை பேச மாட்டார்களாம். உனக்குப் பேசாமல் இருந்தால் மூச்சு முட்டும் என்பது எனக்குத் தெரியாதா? ஒரு நாள் பொறுக்க முடியாமல், கரைவலை இழுக்கிற மெட்டில் இந்த இரண்டு வரியை எடுத்துவிட்டாயாம். "ஆளுக்கு ஒண்ணு கேளுங்கடி. யாரு குடுப்பான்னு பாக்காதீங்க, வாயத் தொறந்து கேளுங்க" என்றாயாம்.  முகாமில் உன்னோடு இருந்த செல்விதான் முதலில் பாடினாளாம், அதுவும் தனக்காக இல்லை. அலையில் போன அவளுடைய நாத்தனார் அஞ்சலை, தினமும் வானத்தைப் பார்த்துச் சொல்வாளாமே, அதை:

கருவாடு காயிற வரைக்கும் கறுத்த மேகம் வராத – ஏலோ

அதைக் கேட்டு எல்லாரும் சிரித்தார்களாம், சிரித்துக்கொண்டே அழுதார்களாம். அன்றைக்குத்தான் எல்லாரும் வயிறாரச் சோறு தின்றார்கள் என்று நீ சொன்னபோது உன் முகத்தில் இருந்த பெருமையை நான் அப்புறம் வேறு எதற்கும் பார்த்ததில்லை.

அதிலிருந்து சட்டம் போட்டுவிட்டாய். யாருடைய வரியையும் வெட்டக் கூடாது. ஆள் போய்விட்டால் அவள் வரியைப் பக்கத்தில் குந்துகிறவள் பாட வேண்டும். கேட்டது கிடைத்துவிட்டாலும் பாடுவதை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் கிடைத்தது போய்விடும். அப்புறம், வட்டத்துக்குக் கடைசியாக வந்தவளுக்குக் கடைசி வரி. வலை இழுக்கும்போது புதுசாக வந்த ஆள் கயிற்றின் கடைசியில் நின்று கயிற்றைச் சுற்றிச் சுற்றி வைப்பார்களே, அந்த முறை. வட்டத்தில் நீ தொடங்கி ஒரு சுற்றுச் சுற்றி, கடைசியில் என்னிடம் வந்து நின்றது.

 சின்ன வயசில் சர்ச் பாடகர் குழுவில் சேர்ந்தவள் நான். பாட்டு சொல்லிக்கொடுத்தவர் ஒரு மாசம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பாப்பா, நீ வாய மட்டும் அசைச்சாப் போதும்" என்றார். அன்றிலிருந்து ஆண்டவர் சந்நிதியில்கூட வாயை மட்டும்தான் அசைத்துக்கொண்டிருந்தேன். உன் குழுவிலும் அதையே செய்யப் பார்த்தேன். நீ முழங்கையால் என் விலாவில் ஒரு இடி இடித்தாய்.

"இன்னாடி, மீனு மாதிரி வாயத் தொறந்து தொறந்து மூடுற? சத்தம் எங்க?"

"எனக்குப் பாட வராதுடி."

"யாருக்குடி வரும்? செல்வி பாடுறது பாட்டா? கம்முனு கேளு, இன்னா வேணும் உனக்கு?"

எனக்கு என்ன வேண்டும் என்று உனக்குத் தெரியும். எனக்கு ஒரு பஸ் வேண்டும். ஊருக்குள் எட்டாவது வரைதான் பள்ளிக்கூடம், அதற்கு மேல் கிள்ளைக்குப் போக வேண்டும். சுனாமிக்கு முன்னால் குப்பம் வரைக்கும் ஒரு பஸ் வந்துகொண்டிருந்ததாம். ரோடு அரித்துப்போனதில் நின்றது, ரோடு போட்ட பிறகும் வரவில்லை. ஜெனி அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். "சவுக்குத் தோப்பு வழியா பொட்டப் புள்ளையத் தனியா நடக்க வுட மாட்டேன். எட்டாவது போதும். இல்லன்னா கடலூர்ல எங்க அக்கா வீட்டுல போய் இருக்கட்டும்" என்று என் வீட்டுக்காரர் முடித்துவிட்டார். அந்த நாத்தனார் வீட்டில் பெண்ணை விட்டால் அவள் படிக்கப் போவாளா, பாத்திரம் தேய்க்கப் போவாளா என்பது எனக்குத்தான் தெரியும். கடலூருக்குப் போய் மனு கொடுத்தோம், வாங்கிக்கொண்டார்கள். மறுபடியும் போனோம், மறுபடியும் வாங்கிக்கொண்டார்கள். அடுத்த ஜூனுக்குள் பஸ் வரவில்லை என்றால் என் பெண்ணின் படிப்பு அதோடு சரி.

எனக்கு வரி கட்டிக்கொடுத்தவள் நீ:

எட்டு மணி பஸ்ஸு ஒண்ணு எங்க ஊருக்குள்ள வரணும் – ஏலோ
எம் பொண்ணு ஏறிக் குந்திப் பள்ளிக்கூடம் போவணும் – ஏலோ

"எல்லாருக்கும் ஒரு வரி, எனக்கு மட்டும் ரெண்டா?" என்று கேட்டேன். "கடைசில நிக்கிறவளுக்கு நீட்டி நிக்க எடம் ஜாஸ்தி" என்றாய். அந்த மெட்டை நான் கொலை செய்ததைக் கேட்டு நீ தரையில் புரண்டு சிரித்தாயே, பாவி! அப்போது நான் கேட்டேன், "உன் வரி எங்கடி? நீ எடுத்துவிடறதோட சரி, உனக்கு ஒண்ணும் வேணாமா?" கொஞ்சம் யோசித்தாய். மறு வாரம் 'ஒத்தக் கையி' முடிந்ததும் முதல் ஆளாகப் பாடினாய்:

கூட வெக்க எடம் வேணும், குந்திப் போவ ஜன்னல் வேணும் – ஏலோ

பஸ்ஸே இல்லை, இவளுக்கு ஜன்னலோர சீட்டு வேண்டுமாம். கூடமே சிரித்தது.

அப்புறம்தான் சிதம்பரத்தில் மகளிர் தின விழா வந்தது. தாலுகா முழுக்க இருந்து குழுக்கள் வரும், கல்யாண மண்டபத்தில் பாட்டுப் போட்டி, பெரிய அதிகாரி ஒரு அம்மா வருகிறார்கள் என்றதும் உனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "மனு குடுத்தா வாங்கி வெப்பாங்க. பாட்ட எங்க வெப்பாங்க? காதுலதான் வெக்கணும்" என்றாய். எல்லாருக்கும் ஒரே மாதிரி பச்சைப் புடவை, தலை நிறைய கதம்பம். ஷேர் ஆட்டோவில் ஒருத்தி மடியில் ஒருத்தியாகப் போய் இறங்கினோம்.

மண்டபத்தில் ஏறியதும் மைக்கில் சொன்னார்கள்: "ஒரு குழுவுக்கு அஞ்சு நிமிஷம். மணி அடிச்சா நிறுத்திட்டு எறங்கிடணும்."

 நம்முடைய பாட்டு வளர்ந்து வளர்ந்து, நிதானமாகப் பாடினால் ஒரு பானைச் சோறே பொங்கி வடித்துவிடலாம். அஞ்சு நிமிஷத்தில் பாதி வட்டம்கூட வராது. பஸ் வரி கடைசியில் இருக்கிறது. ஊரில் இத்தனை நாள் பாடியிருக்கிறோம், ஒருத்திக்காவது பாட்டுக்கு நேரம் என்று ஒன்று இருக்கும் என்று தோன்றவில்லை பார். யாருக்கும் அவசரமில்லாத கூடத்தில் பாடிப் பழகியதன் கூத்து.

உன்னைத் தனியே இழுத்துப்போனேன். "என் வரிய முன்னாடி வெச்சிடு. பஸ்ஸுக்காகத்தானே வந்தோம்?"

நீ தலையை ஆட்டினாய். "அது ஆவாதுடி. கயித்துக்கு மொற இருக்குது. இன்னிக்கி உனக்காக மாத்துனா நாளைக்கி ஆளாளுக்கு மாத்தச் சொல்லுவாங்க. அஞ்சலை வரிய எவ பின்னால தள்ளுவா, சொல்லு?"

"எம் பொண்ணு படிப்பு உனக்கு வெளயாட்டா இருக்குதா?"

என் சத்தத்தில் பக்கத்தில் இருந்த குமராட்சிக் குழுவினர் திரும்பிப் பார்த்தார்கள்.  நீ என் கையை இறுக்கிப் பிடித்தாய். "வேகமாப் பாடுவோம். உன் வரி வராம நான் எறங்க மாட்டேன். எங்கம்மா சத்தியமா எறங்க மாட்டேன்" என்றாய். அந்த நேரத்தில் உன் சத்தியத்தின் மேல் எனக்கு ஒரு துளி நம்பிக்கை இல்லை என்பதை இப்போது சொல்கிறேன்.

மேடையில் நம்மை வரிசையாக நிறுத்திவிட்டார்கள். நீ அந்தக் கோடி, நான் இந்தக் கோடி. உன் முழங்கை எட்டாத தூரம். எடுத்தாய் பார் பாட்டை, எக்ஸ்பிரஸ் வண்டி தோற்றது! வரி முடியும் முன்னே அடுத்தவள் தொடங்குகிறாள், மூச்சு வாங்குகிறது, ஒருத்திக்குத் தலையில் இருந்த கதம்பம் அவிழ்ந்து தொங்குகிறது. ஐஸ் வண்டி ஓடியது, தெருக் குழாய் ஓடியது. செல்வி வாயைத் திறந்து 'கருவாடு' என்று சொன்னாள். மணி அடித்துவிட்டது.

செல்வி நின்றுவிட்டாள். எல்லாரும் நின்றுவிட்டார்கள்.  ஜெனி என் நாத்தனார் வீட்டு அடுப்படியில் குந்தியிருப்பது அப்படியே கண்ணுக்குத் தெரிந்தது.

நீ மட்டும் நிற்கவில்லை. மைக்கை விட்டு இரண்டு எட்டு முன்னால் வந்து, மண்டபத்தைப் பார்த்துக் கையைத் தூக்கி, 'ஒத்தக் கையி இழுத்தா' என்று எடுத்தாய். அதுவரைக்கும் சும்மா தலையாட்டிக்கொண்டிருந்த குமராட்சிப் பெண்கள் திருப்பிப் பாடினார்கள். நடவு நட்டவர்கள் ஆயிற்றே, ஒருத்தி எடுத்தால் மற்றவர்கள் வாங்கிப் பாடுவது அவர்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி. அவர்களைப் பார்த்து அடுத்த வரிசை. அதற்கும் பின்னால் குந்தியிருந்த ஊர் பேர் தெரியாத குழுக்கள். மணி அடிக்கிறவர் விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். அடித்து அடித்து அவரை அறியாமல் அதுவும் பாட்டின் தாளத்தில் விழுந்துவிட்டது. அதைப் பார்த்து மேடையில் குந்தியிருந்த அதிகாரி அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

செல்வி கருவாட்டை முடித்தாள். வரி வரியாக, ஆள் ஆளாக நகர்ந்து, பாட்டு என்னிடம் வந்தது.

மண்டபம் அடங்கிவிட்டது. வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று சொல்ல அன்றைக்கு ஆள் இல்லை. அந்தக் கோடியில் இருந்து நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். பாடினேன். மெட்டு ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். 'பள்ளிக்கூடம்' என்கிற இடத்தில் குரல் உடைந்து கீச்சென்றது. ஆனால் ஒரு வார்த்தை விடாமல் பாடினேன். மண்டபம் முழுக்க 'ஏலோ' என்றது. அத்தனை பேர் என் பெண்ணுக்காகக் கேட்கிறார்கள் என்று நினைத்தபோது உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

அந்த அம்மா மைக்கை வாங்கினார்கள். "அந்தக் கடைசி வரிய இன்னொரு தடவ பாடுங்க. எந்த ஊரு பஸ்ஸு?"

நீ முந்திக்கொண்டாய். "மேடம், வேணும்னா ஊரு பேர நான் சொல்றேன். அவள மறுபடியும் பாடச் சொல்லாதீங்க, மண்டபம் தாங்காது."

முதல் பரிசு வேறு குழுவுக்குப் போனது. நேரம் தாண்டிவிட்டோம் என்று நமக்கு ஆறுதல் பரிசு, ஆளுக்கொரு சிவப்பு பக்கெட். "மொதப் பரிசு குத்துவெளக்காம். அத வெச்சிகினு இன்னா பண்றது? பக்கெட்டுன்னா மீனு அலசலாம்" என்றாய். திரும்பி வருகிற வழியெல்லாம் பக்கெட்டைக் கவிழ்த்து வைத்துத் தாளம் போட்டோம். ஆட்டோக்காரர் காதைப் பொத்திக்கொள்ள முடியாமல் தவித்தார்.

சில வாரம் கழித்து ரோட்டைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். ரோடு சரி, முன்னே பஸ் திரும்பின இடம் அலையில் போய்விட்டதே, இப்போது ஊருக்குள் பஸ் திரும்ப இடம் இல்லையே என்றார்கள்.  நீ உன் வீட்டுக் கருவாடு காயப்போடுகிற இடத்தைக் காட்டி, "இங்க திரும்பட்டும்" என்றாய். உன் மாமியார் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தாள். "கருவாடு எங்கடி போடுவ?" என்று நான் கேட்டபோது, "உன் வீட்டு மாடில. உன் மெக்கானிக்கு மோப்பம் புடிச்சிகினே தூங்கட்டும்" என்றாய். சொன்னபடியே செய்தும் காட்டினாய். அவரோ பெண்ணின் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

ஜூன் மாசம் பஸ் வந்தது. தேங்காய் உடைத்தோம், டிரைவருக்கு மாலை போட்டோம், நான் மனசுக்குள் மாதாவுக்கு ஒரு நன்றி சொன்னேன். ஜெனி ஏறினாள். பின்னாலேயே நீ கூடையோடு ஏறி ஜன்னலோரம் குந்தினாய். கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "யம்மா, மீன் கூடைய ஏத்தக் கூடாது, எறங்கு" என்றார். நீ 'ஒத்தக் கையி' என்று எடுத்தாய். பஸ்ஸில் இருந்தவர்கள், வெளியே நின்றவர்கள் எல்லாரும் வாங்கிப் பாடினார்கள். வரி வரியாகப் போய்க்கொண்டிருந்தது, பஸ் நின்றுகொண்டிருந்தது.

"இது எப்பம்மா முடியும்?" என்றார் கண்டக்டர்.

"எங்களுக்கே தெரியாது சார்" என்றேன் நான்.

கூடைக்குக் கடைசி சீட்டுக்குப் பின்னால் இடம் கிடைத்தது. அன்றிலிருந்து அவர் உன்னைக் கண்டால், "ஏறு தாயே, பாட மட்டும் செய்யாத" என்று கும்பிடுவார்.

பஸ் கிடைத்த பிறகும் வாரா வாரம் என்னைப் பாட வைத்தாய். கிடைத்ததுதான் ஓடுகிறதே என்றால் விட மாட்டாய். போன வருஷக் கடைசியில் 'தானே' புயல் அடித்துச் சவுக்கு மரமெல்லாம் ரோட்டில் சாய்ந்து, பஸ் நின்றுபோனபோது, "பாத்தியா, போன வாரம் சளின்னு சொல்லி நீ பாடல" என்று என்னைத்தான் திட்டினாய். ஊரே மழையில் கயிறு கட்டி மரத்தை இழுத்தது. பஸ்ஸில் மீன் வாடை என்று நம்மோடு முறைத்துக்கொண்டிருந்த மேற்குத் தெருக்காரர்கள் அந்தப் பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டு வந்தார்கள். கடைசி மரத்தை இரண்டு பக்கமும் சேர்ந்து இழுத்தபோது நீ பாட்டை எடுத்தாய். அவர்கள் தயங்கித் தயங்கி 'ஏலோ' சொன்னார்கள். கயிற்றில் கை வைத்த பெண்களுக்கெல்லாம் நம் பாட்டில் இடம் உண்டு என்றாய். சொன்னாயே தவிர, பெயர் கேட்டு அவர்களை வட்டத்துக்குக் கூட்டி வர உனக்கு நாள் இல்லாமல் போய்விட்டது.

ஒரு காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கு அந்த எட்டு மணி பஸ்ஸில்தான் போனாய், ஜன்னலோரம்தான். கையை ஆட்டினாய். காய்ச்சலுக்குப் போகிறவள் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி ஆட்டுகிறாளே என்று நான் சிரித்தேன். திரும்பி வராமல் போய்விட்டாய். என்னால் இன்னும் அதை நம்ப முடியவில்லை, அடியே. உன்னை நினைத்தால் கோபம் கோபமாக வருகிறது, அப்புறம் அழுகை வருகிறது.

உன் காரியம் முடிந்தும் பல வாரம் குழு கூடவில்லை. யார் எடுப்பது என்று தெரியாமல் ஆளாளுக்கு ஒரு சாக்குச் சொன்னோம். போன வாரம் செல்விதான் வீடு வீடாகப் போய்க் கூட்டி வந்தாள். மேற்குத் தெருப் பெண்களும் வந்திருந்தார்கள். வட்டமாகக் குந்தினோம். உன் இடத்தில் யாரும் குந்தவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது செல்வி கேட்டாள்.

"அவ பக்கத்துல குந்துறது யாருடி?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது. மேடையில் வரிசையாக நின்றால் நீ அந்தக் கோடி, நான் இந்தக் கோடி. வட்டமாகக் குந்தினால் முதல் ஆளுக்குப் பக்கத்தில் இருப்பவள் கடைசி ஆள்தான். இத்தனை வருஷம் உன் முழங்கை என் விலாவில்தானே இடித்துக்கொண்டிருந்தது!

ஆள் போனால் வரி பக்கத்தில் இருப்பவளுக்கு. சட்டம் போட்டவள் நீ.

"எனக்குப் பாட வராதே" என்றேன்.

"யாருக்குடி வரும்?" என்றாள் செல்வி. அப்படியே உன் குரலில்.

எடுத்தேன். 'ஒத்தக் கையி' என்பதே கோணலாகத்தான் போனது. ஆனால் அவர்கள் வாங்கிப் பாடியபோது மெட்டு நேராகிவிட்டது. உன் ஜன்னலைக் கேட்டேன், உன் கூடைக்கு இடம் கேட்டேன். கூடம் சிரித்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டது. வட்டம் சுற்றி வந்தது. மேற்குத் தெருப் பெண்கள் அவரவர் வரியைக் கூச்சத்தோடு பாடினார்கள். முறைப்படி இனிமேல் கடைசி இடம் அவர்களுடையது, நான் நகர வேண்டும் என்றேன். ஒருத்தியும் ஒப்புக்கொள்ளவில்லை. "நீ அங்கயே குந்து. அந்தப் பக்கம் காலியா இருக்குதில்ல" என்றார்கள்.

இப்போது விரிசல் விட்ட பக்கெட்டைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். தண்ணீர்தான் நிற்காது, தாளம் நன்றாகவே நிற்கிறது. சாயந்திரம் கூட்டத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டு போகப் போகிறேன். நாளைக்குச் சிதம்பரம் போக வேண்டும், உன் ஜன்னலோர சீட்டில்தான் குந்துவேன். வரி என்னிடம் வந்த பிறகு சீட்டு மட்டும் வேறு யாருக்கு? போன வாரமே கண்டக்டர் கேட்டார், "பாட்டுக்கார அம்மா போய்ட்டாங்களே, இனிமே யாரு பாடுவா?" நான்தான் என்றேன். மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டார்.

வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். உன்னால் இப்போது பாட்டைத் தொடங்குகிறவளும் நான், முடிக்கிறவளும் நான். ஒரே பாட்டில் இரண்டு தடவை என்னைத் தனியாகப் பாட வைத்துவிட்டாயேடி, பாவி.